மழைக்கு ட்ரிப், தொட்டால் சுர், மோட்டார் போட்டால் மங்கல்: தோட்டத்து மின்கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வீட்டுக்குள் பத்து வருஷம் சத்தமில்லாமல் ஓடும் அதே ஒயர், அதே சுவிட்ச், கொல்லைப்புறம் போனதும் இரண்டு மழைக்குத் தாங்குவதில்லை. வெயில் இன்சுலேஷனை வெடிக்க வைக்கிறது. மழை ஜாயிண்டுக்குள் இறங்குகிறது. பெருச்சாளி பைப்பைக் கடிக்கிறது. தென்னைக்குக் குழி வெட்ட வந்தவர் கேபிள் போகிற இடம் தெரியாமல் கடப்பாரையைப் போடுகிறார். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே சுவிட்சைத் தொடுகிறவர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறார்.

கும்பகோணம் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். ஐப்பசி பிறந்தால் போன் ஓயாது. கேட் லைட், மோட்டார் ரூம், மாட்டுக்கொட்டகை, மொட்டைமாடிக் கொட்டகை என்று இடம்தான் மாறும். போனில் வரும் வாக்கியங்கள் பத்தைத் தாண்டாது. அந்த வாக்கியங்களையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான் எதை முதலில் பார்ப்பேன், எதைக் கடைசியில் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறேன்.

கை வைக்கும் முன்

மெயினை இறக்கிவிட்டோம், கரண்ட் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், கொட்டகைக்கு எடுத்த லைட் லைன் இன்வெர்ட்டரில் இருந்தால் மெயின் போன அடுத்த நொடியே அதில் 230 வோல்ட் வந்து நிற்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரால் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்புவது ஆபத்து. எரிந்தால் கரண்ட் இருக்கலாம். எரியாததால் இல்லை என்று ஆகாது. வெயிலில் அந்தச் சின்ன நியான் எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

பிளக்கைப் பிடுங்குவது, மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது, எது எப்போது நடக்கிறது என்று குறித்து வைப்பது, இவை வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. பெட்டியைத் திறந்து ஒயரைக் கழற்றுவது சான்று பெற்ற வயர்மேனின் வேலை. நீங்கள் குறித்து வைத்திருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஆட்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வதும் முக்கியம். எம்.சி.பி. ஒயரைக் காப்பது; லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழுந்து கரண்டை அறுக்கும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. ஊரில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்கிறார்கள், பரவாயில்லை. ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்புகிறதா என்று எடை போட்டுக்கொண்டே இருக்கும் தராசு அது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் விழுந்துவிட வேண்டும். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

"மழை பெய்தால் மட்டும் ட்ரிப் ஆகுது"

அதிகம் வரும் போன் இதுதான். மதியம் மழை, சாயங்காலம் ட்ரிப் (ஆர்.சி.சி.பி. தானாக விழுவது), மறுநாள் வெயில் ஏறியதும் தானாகச் சரி. அதனாலேயே யாரும் அக்கறைப்படுவதில்லை. மூன்றாவது மழைக்கு ஒரு வயர்மேன் தம்பி வருவார்: "அண்ணே, இந்த ஈ.எல்.சி.பி. ரொம்ப சென்சிட்டிவ். இதைத் தூக்கிட்டு நேரா குடுத்துடலாம், தொல்லை இருக்காது." தொல்லை இருக்காதுதான். ட்ரிப் ஆகிற பெட்டி சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. சாட்சியை ஊரைவிட்டு அனுப்பினால் கசிவு அப்படியே இருக்கும், அடுத்து அதைக் கண்டுபிடிப்பது யாருடைய கையோ காலோ என்பதுதான் பாக்கி.

தேடும் முறை இது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக, நடுவே ஒரு நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் உள்ள பிளக் அத்தனையையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால் சாமானில் கசிவு. அப்போதும் விழுந்தால் ஒயரிலோ ஜாயிண்டிலோ கசிவு.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் சிங்கிள் போல் எம்.சி.பி. அதை இறக்கினால் ஃபேஸ் மட்டும்தான் அறுபடும். நியூட்ரல், பெட்டிக்குள் எல்லா நியூட்ரல் ஒயரும் சேரும் பாரில் அப்படியே நிற்கும். ஈரத்தில் நியூட்ரல் ஒயர் மண்ணோடு தொட்டிருந்தால், அந்த லைனின் எம்.சி.பி. இறங்கியிருந்தும் வீட்டில் மிக்சி போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். பாவம் மிக்சிமேல் பழி. ஆகவே லைனைப் பிரித்துப் பார்ப்பது என்றால் நியூட்ரலையும் பாரிலிருந்து கழற்றிப் பார்ப்பதுதான். இங்கிருந்து வயர்மேனின் வேலை.

லைன் தெரிந்ததும் நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பாதியில் கசிவோ அதை மறுபடி பாதியாக்க வேண்டும். எட்டு விளக்கு உள்ள லைனில் மூன்று முறை பிரித்தால் இடம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பிரிவிலும் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்தோடு அளக்க வேண்டும். அதற்கு முன் எல்.இ.டி. டிரைவர்களை (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகளை) கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அளவும் பொய்யாகும், டிரைவரும் போகலாம். மல்டிமீட்டரின் ஓம் அளவு இந்த வேலைக்கு உதவாது. அதன் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி, 230 வோல்ட்டில் கசிகிற ஈர ஜாயிண்டைக்கூட நல்லது என்று காட்டிவிடும்.

1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்தத் துண்டு சந்தேகத்துக்குரியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மெகாஓம் என்றால் 230 வோல்ட்டில் கசிவு அரை மில்லி ஆம்பியர்கூட இல்லை. இன்று ட்ரிப் ஆகாது. ஆனால் காய்ந்த நல்ல ஒயர் பல பத்து மெகாஓம் காட்டும். அது அரைக்கு இறங்கியிருக்கிறது என்றால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. அடுத்த மழையில் உள்ளே வந்து உட்காரும்.

பத்தில் எட்டு தடவை முடிவில் கையில் கிடைப்பது முறுக்கிப் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட். டேப்பின் பசை ஒரு கோடைக்கு இளகிவிடும். பிறகு அது தண்ணீரைத் தடுப்பதில்லை, உள்ளே போனதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. மேலே இன்னும் நாலு சுற்று டேப் போடுவது வைத்தியமே அல்ல. ஜாயிண்டைத் தரைக்கு மேலே கொண்டுவந்து, மழைத் தண்ணீர் புகாத ஐ.பி. 65 பெட்டிக்குள் கனெக்டரில் இறுக்குங்கள். ஒயர் பெட்டியின் அடிப்பக்கமாக, கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைக்கும் வாய்) வழியாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒயருக்குக் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும். மண்ணுக்குள்தான் ஜாயிண்ட் வேண்டும் என்றால் ரெசின் ஊற்றி மூடும் கிட் வாங்குங்கள்.

இரண்டாவது குற்றவாளி, பி.வி.சி. பைப்பில் சாதாரண ஒயரை இழுத்து மண்ணில் புதைப்பது. பைப் நனையாது என்று நினைக்கிறோம். அது மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிறைந்துதான் கிடக்கும். வீட்டு ஒயர் நாள்கணக்கில் தண்ணீரில் ஊற என்று செய்ததல்ல. மண்ணுக்குள் போவது இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிளாக இருக்கட்டும், மேலே ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 என்று அச்சிட்டிருக்கும். ஆழம் முக்கால் மீட்டர். கீழேயும் மேலேயும் மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். கடப்பாரை முதலில் செங்கல்லில் மோதும், ஆள் நிறுத்துவார். கேபிளின் இரும்புக் கவசத்தை எர்த்தோடு சேர்க்க மறந்துவிடக் கூடாது; சேர்க்காத கவசம் மண்வெட்டி பட்ட அன்று முழுநீளத்துக்கும் கரண்ட் ஏறிய கம்பி.

"மழையே இல்லை, ஆனாலும் ட்ரிப் ஆகுது"

நேரத்தைக் கேட்பேன். ராத்திரி மட்டும் என்றால் சுவிட்ச் பாக்ஸைத் திறக்கச் சொல்வேன். உள்ளே பல்லி இருக்கும், அல்லது வெதுவெதுப்புக்கு வந்து குடியேறிய எறும்புக் கூட்டம். ஒயர் வந்த ஓட்டையை அடைக்காமல் விட்டதன் வாடகை அது.

இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு ஆரம்பித்தது என்றால் நியூட்ரல் கலப்பு. கொட்டகை விளக்குக்கு ஃபேஸை இன்வெர்ட்டர் லைனிலிருந்தும், நியூட்ரலைப் பக்கத்தில் கைக்குக் கிடைத்த வேறு லைனிலிருந்தும் எடுத்திருப்பார்கள். விளக்கு எரியும், ஆனால் தராசின் ஒரு தட்டு வழியாகப் போன கரண்ட் வேறு தராசு வழியாகத் திரும்புகிறது. எந்தச் சாமானிலும் பழுது இருக்காது. ஒரு ஆர்.சி.சி.பி.யின் ஃபேஸுக்கு அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல்; இதைச் சரிசெய்தால் முடிந்தது. இதைவிட மோசம், கொட்டகைக்கு நியூட்ரல் ஒயர் எட்டவில்லை என்று எர்த்தையே நியூட்ரலாக வைத்து விளக்கு எரிய விடுவது. எர்த் ஒயர் எங்காவது விட்டுப்போனால், அந்த விளக்கு வழியாக வரும் கரண்ட் எர்த்தில் கோத்த இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும்.

எல்லாம் சரி, மெக்கரும் நல்ல அளவு காட்டுகிறது, ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை விழுகிறதா? ஒரே ஆர்.சி.சி.பி.யில் எத்தனை எல்.இ.டி. டிரைவர், கேமரா, மோட்டார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வடிவமைப்பிலேயே துளி கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ அனுமதி உண்டு. ஏற்கெனவே 10 கசிந்துகொண்டிருக்கும் வீட்டில் சிறு ஈரமே போதும். தோட்டத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டுப் பிரித்துவிடுவதே வழி. வீட்டில் ஃபிரிட்ஜும் பிழைக்கும். டிரைவர், இன்வெர்ட்டர் ஏசி போன்ற எலெக்ட்ரானிக் சாமான் அதிகம் என்றால் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி.யாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் கேட்காமல் தருவது பெரும்பாலும் 'ஏசி' என்ற இன்னொரு வகை.

"குழாயைத் தொட்டால் சுர்ருங்குது"

இதைச் சொல்லும்போது சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் சிரிப்பதில்லை. அந்த லைனை அப்போதே அணைக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன்.

சுர்ரென்று வருகிறது என்றால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் கெட்டிருக்கிறது. எங்கோ கசிகிறது, அந்தக் கசிவை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த்தும் வேலை செய்யவில்லை. மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்), ஹீட்டரின் எலிமென்ட், கிரைண்டரின் ஒயர் என்று கசிவைத் தேடிச் சரிசெய்துவிட்டுப் போகிறவர்கள் பாதி வேலையை விட்டுப் போகிறார்கள்.

"எர்த் போட்டிருக்கு, பல்பு வெச்சு செக் பண்ணிட்டோம்" என்பார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு வைத்து, பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது என்பது நம் ஊர்ப் பரிசோதனை. அந்தப் பல்பின் தடை எரியும்போது சுமார் 530 ஓம். எர்த் 5 ஓமாக இருந்தாலும் 50 ஓமாக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும். எர்த் ஒயர் அறுந்தே கிடந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பல்பு வழியாக வந்த கரண்ட் அந்த எர்த்தில் கோத்த ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், மோட்டார் பாடி எல்லாவற்றிலும் ஏறும். சோதனை செய்கிறவர் தப்பித்துவிடுவார், சமையலறையில் இருக்கிறவர் மாட்டிக்கொள்வார். எர்த்தை அளக்க எர்த் டெஸ்டர் என்றே தனி மீட்டர் இருக்கிறது.

"அதான் எம்.சி.பி. இருக்கே?" அடுத்த கேள்வி. இங்கே ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள். எர்த் நல்லதாகவே இருக்கிறது, 5 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் நேராக மோட்டார் பாடியில் பட்டால் ஓடும் கரண்ட் 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 46 ஆம்பியருக்கு அது சூடாகி, சில நொடி முதல் ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை பாடியில் கரண்ட். எர்த் 25 ஓம் என்றால் ஓடுவது 9 ஆம்பியர்தான், எம்.சி.பி. ஆயுளுக்கும் விழாது, பாடியும் ஆயுளுக்கும் உயிரோடு நிற்கும். தஞ்சாவூர்க் களிமண்ணில் எர்த்தின் ஓம் அளவு எளிதாகக் குறையும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில் சித்திரை மாதம் 25 ஓம் கிடைத்தாலே பெரிது. அதே 25 ஓம் எர்த் இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். இதற்காகத்தான் அதைத் தூக்க வேண்டாம் என்று தொண்டை வறளச் சொல்வது.

எர்த் குழியைக் கட்டி மூடி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். குழிக்கு மூடி இருக்கட்டும், கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், வருஷம் ஒரு முறை கிளாம்பைப் பாருங்கள். உப்பும் கரியும் போட்ட குழியில் ஜி.ஐ. பைப்பின் கிளாம்பை உப்பே தின்றிருக்கும். நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரம் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அழுத்தினால் விழும்.

மாட்டுக்கொட்டகையில் ஆளுக்கு ஷாக் தெரியாது, மாடு சொல்லும். தொட்டியில் வாய் வைத்துவிட்டு வெடுக்கென்று பின்வாங்கும், கறவை நேரத்தில் காரணமில்லாமல் உதைக்கும். கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்ட வீட்டில், கொட்டகை மின்விசிறியின் பாடியில் கசிவு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாட்டின் உடல்தடை நம்மைவிடக் குறைவு. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் தூரம், நிற்பதோ கோமியம் ஊறிய தரை. நமக்கு உறைக்காத இரண்டு மூன்று வோல்ட் அதற்கு உறைக்கும். இரும்புத் தொட்டிக்கும், தரையில் அடித்த ஒரு ஆணிக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். அளவு பத்து வோல்ட்டுக்குள் இருந்தால், மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி அளக்கலாம். அந்த ரெசிஸ்டர்தான் மாட்டுக்குப் பதில். அப்போதும் ஓரிரு வோல்ட் நின்றால் கசிவு உண்மை. புதிதாகக் கொட்டகைத் தரை போடுகிறவர்கள், கான்கிரீட்டுக்குள் கம்பி வலை போட்டு, அதையும் தொட்டி, குறுக்குப் பைப் எல்லாவற்றையும் ஒன்றாக எர்த்தில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பிறக்காது.

கொடிக்கம்பி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் ஒயர் இறங்கும் ஆங்கிளிலிருந்து கொட்டகைத் தூணுக்கு இரும்புக் கம்பி கட்டித் துணி காயப்போடுவது நம் ஊரில் சகஜம். சர்வீஸ் ஒயர் ஓடு ஓரத்தில் உரசி உரசித் தோல் கழன்றிருக்கும். மழையில் நனைந்த துணியை எடுக்கப் போகும் ஈரக் கைக்கு அந்தக் கம்பியில் 230 வோல்ட் காத்திருக்கும். அந்தப் பக்கத்துக் கரண்ட், மீட்டருக்கு முன்னால் உள்ளது. உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. எட்டாத இடம். நைலான் கயிறு கட்டுங்கள், மின்சாரம் போகும் எந்தத் தூணிலும் கட்டாதீர்கள்.

"மோட்டார் உறுமுது, ஓடலை"

உடனே அணையுங்கள். உறுமிக்கொண்டே நின்றால் காயில் போய்விடும்.

காலையில் ஓடி, சாயங்காலம் உறுமினால் வோல்டேஜ். எப்போது போட்டாலும் உறுமினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போயிருக்கும், அல்லது பம்ப் சிக்கிக்கொண்டிருக்கும். கண்டென்சர் உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரியும். மாற்றும்போது உறையில் எழுதிய மைக்ரோஃபாரட் அளவையே வாங்க வேண்டும். மெயின் அணைந்திருந்தாலும் கண்டென்சருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றின் ஒயரை இரு முனையிலும் வைத்து வடித்துவிட்டுத்தான் கையில் எடுப்பேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது வீரம் இல்லை.

சாயங்கால உறுமலுக்கு ஒயரையும் பாருங்கள். 40 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால், போய் வரும் 80 மீட்டரில் தடை ஏறக்குறைய 1 ஓம். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர்தான், 5 வோல்ட் இழப்பு பெரிதல்ல. கிளம்பும்போது அதுவே ஐந்தாறு மடங்கு இழுக்கும். 25, 30 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். லைனில் 190 இருக்கும் நேரத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது 160. எப்படி ஓடும்? 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் அந்த இழப்பு 12 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒயர் வாங்கும் நாளில் மிச்சம் பிடித்த காசு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போகிறது.

"மோட்டார் போட்டா லைட் பளிச்சுனு எரியுது"

மங்கினால் பரவாயில்லை, மேலே சொன்ன கதைதான். பளிச்சென்று கூடுகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் போய் மெயினை இறக்குங்கள்.

மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரல் இல்லாவிட்டால் ஒரு ஃபேஸில் 150, இன்னொன்றில் 300க்கு மேல் என்று வோல்டேஜ் தாறுமாறாகப் பிரியும். டிவி, ஃபிரிட்ஜ், எல்.இ.டி. எல்லாம் வரிசையாகப் புகையும். மீட்டர் பெட்டியிலோ கம்பத்திலோ ஜம்பர் (இணைப்பு ஒயர்) தளர்ந்திருக்கும். அது மின்வாரியத்தின் வேலை: மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் ஏறுவதும் வேண்டாம், "தற்சமயத்துக்கு" நியூட்ரலை எர்த்தில் கட்டிவிடுவதும் வேண்டாம்.

"ஆஃப் பண்ணியும் எல்.இ.டி. மினுக்கு மினுக்குங்குது"

பேய் இல்லை. பெரும்பாலும் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது. அணைத்த பிறகும் ஹோல்டர் வரை ஃபேஸ் போய் நிற்கிறது. பல்பு மாற்ற ஸ்டூல் போட்டு ஏறுகிறவர் 'ஆஃப்தானே' என்று கை வைப்பார். சுவிட்ச் பாக்ஸில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். சுவிட்ச் சரியாகவே இருந்தால், அதில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகத் துளி கரண்ட் போகிறது. அல்லது கேட் வரை நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஒயர்களுக்கு இடையே தூண்டல். இந்த இரண்டும் தொல்லைதான், ஆபத்து இல்லை.

"வரிசையில் கடைசி லைட் மட்டும் மங்கல்"

12 வோல்ட் தோட்ட விளக்கு வைத்தவர்கள் கேட்பது. பாதுகாப்புக்கு 12 வோல்ட் நல்ல தேர்வு, குளத்தங்கரை, நீரூற்றுப் பக்கம் என்றால் அதுவேதான் வேண்டும். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கூடும். 30 மீட்டர் தள்ளி 5 வாட் விளக்கு பத்து வைத்தால் 50 வாட். அது 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேல். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 3 வோல்ட் வழியிலேயே போய், விளக்குக்கு 9 வோல்ட் கிடைக்கும். அதே ஒயரில் 24 வோல்ட் செட் போட்டால் இழப்பு 24க்கு ஒன்றரை வோல்ட்தான். விளக்கு வாங்கிவிட்டீர்கள், மாற்ற முடியாது என்றால் பவர் சப்ளையை வரிசையின் நடுப்பக்கம் கொண்டுபோய் இரு பக்கமும் பிரித்துக் கொடுங்கள். பவர் சப்ளைக்கு வருவது 230 வோல்ட் என்பதை மறந்து அதைச் செடிக்குள் போட்டுவிடாதீர்கள்.

"கேட் லைட்டுக்குள்ள தண்ணி"

ஐ.பி. 65 என்று எழுதியிருக்கும், இருந்தும் தண்ணீர். அந்த எண்ணில் 6 தூசிக்கு, 5 பீய்ச்சும் தண்ணீருக்கு. முழுகினால் தாங்க 7 வேண்டும். தூண் உச்சியில் உள்ள விளக்குக்கு 65 போதும். தரையில் பதித்து மேல்நோக்கி அடிக்கும் விளக்கு மழையில் குட்டையாகிவிடும், அதற்கு 67. விளக்கு நல்லதாயிருந்தும் தண்ணீர் வந்தால் ஒயர் நுழையும் ஓட்டையைப் பாருங்கள்: கிளாண்ட் இல்லாமல், அதுவும் மேல்பக்கமாக ஒயரை விட்டிருப்பார்கள். சிலிக்கான் பூசி எல்லா இடத்தையும் அடைத்துவிடுவதும் தப்பு. பகலில் சூடு, ராத்திரி குளிர், உள்ளே வியர்க்கும், வெளியேற வழி இருக்காது.

"பிளக் சுடுது, ஓரம் கருகியிருக்கு"

6 ஆம்பியர் சாக்கெட்டில் மோட்டாரோ வாட்டர் ஹீட்டரோ ஓடுகிறது, அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத ஒயர், மூடியுள்ள வெளிப்புறப் பெட்டி. புல்வெட்டும் மிஷினுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டுகிறவர்கள், முழுக்க விரித்துவிட்டு ஓட்டுங்கள்; சுருளுக்குள் சூடு வெளியேற இடமில்லாமல் ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் சீரியல் செட்டை இரும்பு கேட்டில் சுற்றுவதையும் விட்டுவிடலாம். அந்த மெல்லிய ஒயர் கேட் இடுக்கில் ஒரு முறை நசுங்கினால் போதும்.

கடைசியாக, பள்ளம் தோண்டிக் கேபிள் போடுகிற அன்று மண்ணைத் தள்ளுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி, எந்தத் தென்னைக்கு எந்தப் பக்கம், ஜாயிண்ட் எங்கே என்று ஒரு தாளில் கோடு போட்டு, மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் போகிற வீடுகளில் பாதி நாள் போவது கோளாறைத் தேடுவதில் இல்லை, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று தேடுவதில்தான்.